கொல்லைக் கோழியும் சிறுவாட்டுப் பணமும்



பி பிளாக்கின் பின்புறம் காலியாகக் கிடக்கும் இடத்தில் நான்கைந்து நாட்டுக்கோழிகள் வளர்க்க அனுமதி கேட்டுச் சில குடும்பங்கள் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். வேண்டும் என்பவர்கள் முட்டையின் சத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் நாற்றத்தையும் சத்தத்தையும் சொல்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நான் வங்கியில் கணக்கு எழுதியே காலம் கழித்தவன். எனவே இந்த விஷயத்தையும் ஒரு பழைய லெட்ஜரைப் போலப் புரட்டிப் பார்த்தேன். அதில் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: காலங்காலமாகக் கோழி யாருடைய கணக்கில் இருந்தது?

காட்டிலிருந்து கொல்லைக்கு

உலகத்துக் கோழிகள் எல்லாம் செங்காட்டுக்கோழியின் வழி வந்தவை என்று 1868-ல் வெளியான தம் நூலில் சார்லஸ் டார்வின் எழுதினார். பிற்கால மரபணு ஆய்வுகள் அவர் சொன்னதைப் பெரும்பாலும் உறுதி செய்தன. தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளே இதுவரை கிடைத்த வளர்ப்புக் கோழி எலும்புகளில் மிகப் பழையவை என்று 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 1650 முதல் 1250 வரை. மானாவாரி நெல்லும் தினையும் பயிரிட ஆரம்பித்த பிறகு, சிந்திய தானியத்தைத் தின்ன வந்த காட்டுக்கோழி மெல்ல வீட்டோடு தங்கிவிட்டது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. வலை வீசிப் பிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தானியத்தைத் தேடி அதுவே வந்திருக்கிறது.

டார்வினின் கணக்கில் நம் தென்னாட்டுப் பதிவு ஒன்று விடுபட்டிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவுக்கே உரியது. புதுச்சேரிக்கு வந்துபோன பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னராவின் பெயரை அறிவியல் உலகம் அதற்கு வைத்திருக்கிறது. கோழியின் காலில் தெரியும் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டறிந்தார்கள். உலகில் எங்கே மஞ்சள் கால் கோழி மேய்ந்தாலும் அதில் நம் காட்டின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

சேவலுக்கு நடுகல், பெட்டைக்கு?

தமிழில் சேவலுக்குக் கிடைத்த மரியாதை சாதாரணமல்ல. முருகன் கையில் சேவற்கொடி. சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர். யானையைக் கோழி எதிர்த்து வென்ற இடம் என்பது அதற்குச் சொல்லும் கதை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் இறந்த சேவலுக்கு ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் நட்ட நடுகல் இருக்கிறது. அதில் சேவலின் உருவமும் உண்டு, எழுத்தும் உண்டு.

முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பெட்டைக்குக் கல் நட்டவர் யாரும் இல்லை. ஆனால் இலக்கியத்தில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்லவந்த பட்டினப்பாலை, முற்றத்தில் உலர்த்திய தானியத்தைக் கொத்த வரும் கோழியைப் பெண்கள் விரட்டும் காட்சியைக் காட்டுகிறது. கையில் வேறொன்றும் அகப்படாமல் காதில் கிடந்த கனமான குழையைக் கழற்றி எறிகிறார்கள். விழுந்த குழை, குழந்தைகள் உருட்டிவரும் சிறுதேரை மறித்து நிற்கிறது. உலர்த்திய தானியத்தைக் கோழியிடமிருந்து காப்பாற்றும் பாடு நம் அம்மாக்கள் காலம்வரை மாறவில்லை. அம்மாக்கள் எறிந்தது விறகுக்குச்சி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கவனித்துப் பாருங்கள். சேவல் ஆண்களோடு களத்துக்குப் போனது. பெட்டைக்கோழி பெண்களோடு முற்றத்திலும் கொல்லையிலும் இருந்தது. இந்தப் பாகப்பிரிவினை பல நூற்றாண்டு நீடித்தது.

பாஸ்புக் இல்லாத கணக்கு

சிறுவாடு என்ற சொல்லை இளையவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வீட்டுப் பெண்கள் கணவருக்குத் தெரிந்தும் தெரியாமலும் சேர்த்துவைக்கும் சிறு பணம் அது. அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப் பானையிலும் இருக்கும். நிலம், மாடு, மகசூல் எல்லாம் ஆண் பெயரில் இருந்த வீட்டில், பெண் தன் விருப்பப்படி விற்று, தானே எண்ணி முடிந்துகொள்ளக் கூடிய சொத்து கோழியும் முட்டையும்தான். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், மகளுக்கு வளையல், காய்ச்சலுக்கு மாத்திரை என்று அவசரத்துக்கு வந்த பணம் பல வீடுகளில் இந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்கப்பட்டது.

இதன் வரவு செலவைப் பாருங்கள். நாட்டுப்பெட்டை ஒரு சுற்றில் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். அடைக்கு உட்கார்ந்தால் 21 நாள். பொரித்தபின் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். ஆக ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு சுற்று, மொத்தம் அறுபது முட்டை அளவில் நிற்கும். பண்ணைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுகிறது என்று இதைக் குறைத்துப் பேசுவார்கள். ஆனால் செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். குருணை, தவிடு, சோற்றுப் பருக்கை, குப்பையில் கிளறிய புழு, இவ்வளவுதான் அதன் தீனி. முதலீடு ஏறக்குறைய இல்லை. அசல் தானே குட்டிபோடும். முட்டை வட்டி என்றால் குஞ்சு வட்டிக்கு வட்டி.

முதல் போடவும் வழியில்லாதவர்களுக்கு வாரம் இருந்தது. வசதியுள்ள வீட்டுக்காரி ஒரு விடைக்கோழியை இன்னொருத்தியிடம் வளர்க்கக் கொடுப்பாள். பொரிக்கும் குஞ்சில் பாதிக்குப் பாதி. பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. கீரி பிடித்துப் போனால் இருவருக்கும் நட்டம்.

இதை நடத்தத் தொழில் அறிவும் வேண்டும். முட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கூமுட்டையைக் கழிப்பார்கள். அடைக்கூடையில் மணலோ தவிடோ பரப்பி, இடிக்குப் பயந்து ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவார்கள். பழைய சாக்கையும் சாணத்தையும் பானையில் அடைத்து இரவில் கவிழ்த்துவைத்தால் விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். அதுதான் இளங்குஞ்சுகளுக்குச் சத்தான தீனி. பருந்துக்குப் பயந்து பகலில் பஞ்சாரம், வெருகுக்குப் பயந்து இரவில் கூடு. இடிக்கு இரும்பு வைத்தது நம்பிக்கை. மற்றவை எல்லாம் நேர்த்தியான மேலாண்மை.

கணக்கு மூழ்கிய நாள்கள்

இந்தக் கணக்கை ஒரே வாரத்தில் மூழ்கடிக்கும் ஆபத்து ஒன்று இருந்தது. கிராமத்தில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். புத்தகத்தில் ராணிக்கெட் நோய். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இந்த நோய் பதிவானது. அடுத்து இந்தியாவில், இன்றைய உத்தரகண்ட் மாநிலத்து மலையூரான ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் நமக்கு அந்தப் பெயர். கோழி தூங்கி வழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பத்துக்கு ஒன்பது சாவதும் உண்டு. ஊரில் ஒரு வீட்டில் விழுந்தால் தெருவே காலி. அந்த நட்டத்துக்குக் காப்பீடு கிடையாது. அழுதுவிட்டு மறுபடி ஒரு பெட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

1940-களில் முக்தேசுவரத்தில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையம் இதற்குத் தடுப்பூசியை உருவாக்கியது. மருந்து வந்தும் கொல்லைக்கு வந்து சேரவில்லை. காரணம் எளிது. ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கும் அதற்கு மேலும் வரும். குளிரில் வைத்திருக்க வேண்டும், கலக்கினால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவள் அதை எப்படி வாங்குவாள்? பெரும் பண்ணைக்குப் பொருந்திய மருந்து சிறுவாட்டுக்காரிக்குப் பொருந்தவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஊர் ஊராக இருவார முகாம் நடத்தி இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது.

நாமக்கல் காலம்

1970-களுக்குப் பிறகு கணக்கு இடம் மாறியது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயர் கொண்ட வெள்ளை லெகார்ன் இனம் கூண்டுகளில் வரிசையாக வந்து உட்கார்ந்தது. அடைகாக்கும் குணத்தை இனப்பெருக்கத் தேர்வின் மூலம் ஏறக்குறைய நீக்கிவிட்டதால் அது இடைவிடாமல் முட்டையிடும். மழை குறைந்த நாமக்கல் பகுதி இந்தத் தொழிலில் நாட்டின் பெரிய மையங்களில் ஒன்றானது. இன்று அங்கே நாளொன்றுக்குப் பல கோடி முட்டைகள். வியாபாரிகள் வைத்ததே விலை என்ற நிலையை மாற்ற, பி.வி. ராவ் முன்னின்று 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கினார்.

இதைக் குறையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. 1989-ல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை தரத் தொடங்கினார்கள். 2010-ல் அது வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. எத்தனை கொல்லைக் கோழி சேர்ந்தாலும் அத்தனை பிள்ளைகளின் தட்டில் முட்டை வைத்திருக்க முடியாது. பண்ணை அதைச் செய்தது. ஆனால் பெருக்கல் கணக்கில் ஒரு பெயர் அடிபட்டுப் போனது. முட்டை மலிவான பிறகு முந்தானையில் முடிந்த முட்டைக் காசு கரைந்தது.

வங்கி வந்த பிறகு

எங்கள் துறையின் பங்கையும் சொல்ல வேண்டும். 1978-79-ல் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாடு, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் கடனும் மானியமும் உண்டு. கவுண்டரில் இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன், மாட்டுக் கடன் எழுதுவது எங்களுக்குச் சுலபம். மாட்டின் காதில் தகடு மாட்டலாம், காப்பீடு செய்யலாம். ஐந்து கோழிக்கு எதில் தகடு மாட்டுவது? விண்ணப்பத்தில் பெயரும் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் பெயர்தான். கொல்லையில் குனிந்து கூடு கழுவியவள் பெயர் லெட்ஜரில் ஏறவில்லை.

பெண்களுக்கு இத்திட்டம் எட்டவில்லை என்று உணர்ந்துதான் 1982-ல் மகளிர் குழுக்களுக்கான துணைத் திட்டம் சேர்க்கப்பட்டது. 1989-ல் தருமபுரியில் பன்னாட்டு நிதியுதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியது. நோட்டுப் போட்டு வாரம் தவறாமல் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து வசூலித்த அந்தப் பெண்களைப் பார்த்துப் பல அதிகாரிகள் வியந்தார்கள். வியப்பதற்கு ஒன்றுமில்லை. சிறுவாடு சேர்த்த கைகளுக்கு அது பழகிய வேலை.

நம் வளாகத்துக்கு

இப்போது நம் விண்ணப்பத்துக்கு வருவோம். என் யோசனையைச் சொல்கிறேன், முடிவு பொதுக்குழுவுடையது.

சேவல் வேண்டாம். விடியலுக்கு முன்பே கூவுவது அதன் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தின் வேலை என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வு 2013-ல் காட்டியது. அதைப் பழக்கி மாற்ற முடியாது. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், பொரிக்காது என்பது மட்டும்தான்.

தடுப்பூசி போடாத கோழி வளாகத்துக்குள் வரக்கூடாது. இறந்த கோழியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் 2006-ல் முதன்முதலாக மகாராட்டிரத்தின் நவாபூரில் வந்தது முதல் இது கட்டாயமாகக் கொள்ள வேண்டிய ஒழுங்கு. கூட்டின் அடியில் உமியோ மரத்தூளோ பரப்பி ஈரம் சேராமல் கிளறிவிட்டால் நாற்றம் பெரிதும் குறையும். இரவில் தீனியை வெளியே விட்டால் கோழியை விட எலி அதிகம் வளரும்.

கடைசியாக, முக்கியமானது. விண்ணப்பித்த குடும்பங்களில் பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விடுவார்கள். கூடு கழுவி, தண்ணீர் வைத்து, மாலையில் அடைக்கப்போவது யார்? நம் துப்புரவுப் பணிப் பெண்கள்தான் என்று எல்லோரும் சொல்லாமலே வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் அதை வெளிப்படையாக எழுதிவிடுவோம். கோழியும் கூடும் சங்கத்தின் செலவு, பராமரிப்பு அவர்கள் விருப்பம் இருந்தால் மட்டும், முட்டை முழுவதும் அவர்கள் சொத்து. நமக்கு முட்டை வேண்டுமென்றால் நாட்டுக்கோழி முட்டையின் சந்தை விலை கொடுத்து அவர்களிடம் வாங்கிக்கொள்வோம். இந்த ஒரு வரி தீர்மானத்தில் இருக்குமானால் என் வாக்கு கோழிக்கு. இல்லையென்றால் அந்த இடத்தில் செடி வைப்பதே மேல்.