லெ மான் போகும் முன்: எங்கே நின்று பார்ப்பது?

அடுத்த ஜூன்ல பிரான்ஸ் போய் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைப் பார்க்கணும்னு நானும் ரெண்டு நண்பர்களும் முடிவு பண்ணியிருக்கோம். விமானம், விசா, தங்குற இடம் எல்லாத்துக்கும் முன்னாடி தீர்க்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: 13.626 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில எங்கே நின்னு பார்க்கிறது? பொது நுழைவு டிக்கெட் தனி, ஸ்டாண்டில் இருக்கைக்கான டிக்கெட் தனி. ஒரு நண்பர், பிட்டுக்கு நேர் எதிரே உள்ள பெரிய ஸ்டாண்டுலதான் உட்காரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். நான் மேப்பை விரிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொரு இடத்தோட கதையையும் படிக்க ஆரம்பிச்சேன். பார்வையாளர் எங்கே நிக்கலாம், எங்கே நிக்கக் கூடாது என்பதைத் தீர்மானிச்சது பெரும்பாலும் விபத்துகள்தான்னு தெரிஞ்சது.

பந்தயத்தைப் பத்தி ரெண்டு வரி. ஒரு காரை இப்போ மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டுறாங்க. 24 மணி நேரத்தில் யார் அதிக தூரம் போறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூணாவது இடம் பிடிச்ச பிறகு, நம்ம ஊர்ல இதுக்கு மேல விளக்க வேண்டியதில்லை.

லெ மான் பாரிஸுக்குத் தென்மேற்கே இருக்கிற நடுத்தர ஊர். வேகத்தோட அதுக்கு உறவு ரொம்பப் பழசு. பிரான்ஸின் முதல் கிராண்ட் பிரீ 1906 ஜூனில் இந்த ஊரைச் சுத்தி உள்ள சாலைகளில்தான் நடந்தது. ஒரு சுற்றே 103 கிலோமீட்டர். ரெண்டு நாளில் 12 சுற்று. வெயில்ல தார் உருகித் தெறிச்சு ஓட்டுநர்களின் கண்ணைப் பதம் பார்த்தது. ரெனோ காரில் ஃபெரன்ட்ஸ் சிஸ் ஜெயித்தார். ரெண்டு வருஷம் கழிச்சு, 1908 ஆகஸ்ட் 8 அன்று, வில்பர் ரைட் ஐரோப்பிய மக்கள் முன்னாடி முதன்முதலா விமானம் ஓட்டிக் காட்டியதும் இங்கேதான், ஊனோதியேர் குதிரைப் பந்தய மைதானத்தில். பந்தயப் பாதையின் புகழ்பெற்ற நேர்சாலைக்கு அந்த இடத்தின் பேர்தான்.

24 மணி நேரப் பந்தயம் 1923 மே 26, 27 தேதிகளில் ஆரம்பிச்சது. நடத்தியது மேற்குப் பிரான்ஸின் ஆட்டோமொபைல் கிளப். அதன் செயலாளர் ஜார்ஜ் துயுரான், பத்திரிகையாளர் ஷார்ல் ஃபாரூ, சக்கரக் கம்பெனிக்காரர் எமில் கொக்கீல் மூணு பேரும் சேர்ந்து போட்ட திட்டம். ஜனங்க வாங்குற காரின் ஹெட்லைட் ராத்திரி முழுக்க எரியுமா, எஞ்சின் ஒரு நாள் தாங்குமா என்று பார்க்கிற சோதனை அது. மழையும் ஆலங்கட்டியும் கொட்டிய அந்த முதல் பந்தயத்தில் 33 கார் கிளம்பி 30 கார் முடிச்சது ஆச்சரியம்தான். ஜெயித்த ஷெனார் வால்க்கர் கார் போன தூரம் 2,209 கிலோமீட்டர். கணக்குப் போட்டா சராசரி வேகம் மணிக்கு 92.

இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க. 1955-ல் ஜெயித்த ஜாகுவார் போன தூரம் 4,135 கிலோமீட்டர், சராசரி மணிக்கு 172. பிட் பகுதியைத் தாண்டும்போது வேகமான கார்கள் 240-ஐ ஒட்டிப் போயின. 32 வருஷத்தில் வேகம் ஏறக்குறைய ரெட்டிப்பு. ஸ்டாண்டுக்கும் பிட்டுக்கும் நடுவே போன சாலை மட்டும் அந்த அளவுக்கு மாறவே இல்லை. பிட்டுக்குத் தனிப் பாதை கிடையாது, நடுவில் சுவரும் கிடையாது. ஓடுற சாலையோட ஓரத்திலேயே நிறுத்தி டயர் மாத்தணும். எதிர்ப்பக்கம் இடுப்பளவு மண்மேடு, அதுக்குப் பின்னாடி கூட்டம். சரியா தெரியலைன்னு சிலர் ஏணியும் ஸ்டூலும் போட்டு ஏறி நின்னாங்க.

1955 ஜூன் 11, சனிக்கிழமை. சாயங்காலம் 4 மணிக்குப் பந்தயம் கிளம்பியது. ரெண்டரை மணி நேரமா மைக் ஹாதார்னின் ஜாகுவாரும் ஃபான்ஹியோவின் மெர்சிடிஸும் ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டே இருந்தன. சுமார் 6:26-க்கு ஹாதார்ன், மெதுவாகப் போன லான்ஸ் மேக்லினின் ஆஸ்டின் ஹீலியைத் தாண்டி, பிட்டுக்குள் போக பிரேக் போட்டார். ஜாகுவாரில் இருந்தது டிஸ்க் பிரேக். பின்னால் வந்த மேக்லினின் காருக்கு அந்த அளவு பிடிப்பு இல்லை. அவர் இடது பக்கம் ஒதுங்கினார். அங்கே இன்னொரு மெர்சிடிஸில் பியர் லெவெக் வந்துக்கிட்டிருந்தார். அவர் கார் ஹீலியின் சரிந்த பின்பக்கத்தில் ஏறி, எழும்பி, மண்மேட்டில் மோதிச் சிதறியது. எஞ்சினும் முன் அச்சும் பானட்டும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. மெக்னீசியம் கலந்த உடற்பகுதி பற்றி எரிந்தது. மெக்னீசியத் தீயில் தண்ணி ஊத்தினா இன்னும் கொழுந்து விடும்; தீயணைக்க வந்தவங்க ஊத்தினதும் அதைத்தான். லெவெக்கோடு சேர்த்து 80 பேருக்கு மேல் இறந்தாங்க. மோட்டார் பந்தய வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இன்னிவரைக்கும் இல்லை.

லெவெக்கைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அப்போ அவருக்கு வயசு 49. மூணு வருஷம் முன்னாடி, 1952-ல், டால்போ காரை இணை ஓட்டுநருக்குக் கொடுக்காம சுமார் 23 மணி நேரம் தனியாவே ஓட்டினார். பல சுற்று முன்னிலையில் இருந்தவருக்குக் கடைசிக் கட்டத்தில் எஞ்சின் போச்சு. வெற்றி மெர்சிடிஸுக்குப் போனது. 1955-ல் அதே மெர்சிடிஸ் அவருக்கு ஒரு காரைக் கொடுத்தது. அவர் கையைத் தூக்கி எச்சரிச்சதாலதான் தான் பிழைச்சேன்னு பின்னால் வந்த ஃபான்ஹியோ பிற்பாடு சொன்னார்.

பந்தயத்தை நிறுத்தவே இல்லை. கூட்டம் ரெண்டரை லட்சத்துக்கு மேல். எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினா சாலை அடைச்சு ஆம்புலன்ஸ் நகர முடியாது என்பது நிர்வாகம் சொன்ன காரணம். முதல் சில மணி நேரத்துக்கு அந்த வாதம் எனக்குச் சரின்னுதான் படுது. தேர்த் திருவிழா கலையும்போது ஒரு வண்டியை வெளியே எடுத்துப் பார்த்தவங்களுக்கு இது புரியும். ஆனா காயம்பட்டவங்க எல்லாரையும் கொண்டுபோன பிறகு, மறுநாள் காலையிலும் கார்கள் ஓடினதுக்கு அந்தக் காரணம் பதிலாகாது. மெர்சிடிஸ் தன் தலைமையகத்தோடு பேசி, நள்ளிரவு தாண்டி ரெண்டு மணி வாக்கில் மிச்சமிருந்த கார்களைத் திரும்பக் கூப்பிட்டது. ஃபான்ஹியோவும் ஸ்டர்லிங் மாஸும் ஓட்டிய கார் அப்போ முன்னிலையில் இருந்தது. ஜாகுவார் விலகலை. ஞாயிறு மாலை ஹாதார்ன், ஐவர் பியுப் ஜோடி ஜெயித்தது.

விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளின்னு சொல்லலை. பாதையின் அமைப்பு அந்த வேகத்துக்கு ஏற்றதில்லைன்னு முடிச்சாங்க. சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின கதை. ஆயிரம் பேருக்குக் கட்டின சிஸ்டத்தில் பத்தாயிரம் பேர் வர்றவரைக்கும் எல்லாம் சரியாத்தான் தெரியும். கடைசி கமிட் யாரோடதுன்னு தேடுறது சுலபம். அதனால ஒண்ணும் சரியாகாது. ஹாதார்னா மேக்லினா என்கிற வாக்குவாதம் இன்னும் ஓயலை. எனக்கு அதில் ஆர்வமில்லை. 1923-க்கும் 1955-க்கும் நடுவில் எத்தனையோ பந்தயம் நடந்தது. அந்த மண்மேடு போதுமான்னு கேட்டு மாத்தியிருக்க நேரம் நிறைய இருந்தது.

அதுக்கப்புறம் மாத்தினாங்க. பழைய பிட்டை இடிச்சு, சாலையை அகலமாக்கி, ஸ்டாண்டைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினாங்க. வேலை முடிய நேரமானதால் 1956 பந்தயம் ஜூலைக் கடைசியில்தான் நடந்தது. சுவிட்சர்லாந்து கார் பந்தயப் பாதைகளையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்தத் தடை பல பத்தாண்டு நீடித்தது. நண்பர் கேட்கிற ஸ்டாண்ட் இருக்கிறது 1955-ல் அந்தக் கூட்டம் நின்ன அதே பக்கத்தில்தான். இன்னிக்கு அதுக்கும் காருக்கும் நடுவில் சுவரும் உயரமான வேலியும் இருக்கு.

மத்த மாற்றங்களும் இதே மாதிரி வந்ததுதான். ஓட்டுநர்கள் சாலையைக் குறுக்கே ஓடிவந்து காரில் குதிச்சுக் கிளம்புற வழக்கம் பார்க்க அழகா இருந்திருக்கும். அவசரத்தில் பெல்ட் போட மாட்டாங்க. 1969-ல் ஜாக்கி இக்ஸ் எதிர்ப்பு காட்ட மெதுவா நடந்துபோய், பெல்ட்டை மாட்டிக்கிட்டுக் கடைசியா கிளம்பினார். அதே முதல் சுற்றில் ஜான் வுல்ஃப் விபத்தில் இறந்தார். மறுநாள் இக்ஸே சுமார் நூறு மீட்டர் வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த வருஷம் அந்த ஓட்டம் இல்லை. ஆறு கிலோமீட்டர் நேர்சாலையில் 1988-ல் ஒரு கார் மணிக்கு 405 தொட்டது. 1990-ல் நடுவில் ரெண்டு வளைவு போட்டு வேகத்தை வெட்டினாங்க. பந்தயம் இல்லாத நாளில் அது தூர் நகரத்துக்குப் போற சாதாரணச் சாலை, லாரி ஓடும். பந்தயத்தின்போது பார்வையாளருக்கு அங்கே அனுமதி இல்லை.

நம்மூர்த் தொடர்பும் கொஞ்சம் உண்டு. 2009-ல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஆடி கார் ஓட்ட வந்தவர், பந்தயத்துக்கு முன்னாடி பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை விலகியதால் ஓட்ட முடியலை. சென்னை கருண் சந்தோக் 2012-ல் ஓட்டி, அவர் அணி மொத்தத்தில் ஆறாவதா வந்தது. லெ மான் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான்.

இப்போ எங்க திட்டம். பந்தயம் ஜூன் நடுவில், அங்கே சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, நமக்கு 7:30. ஒரு வாரம் முன்னாடியே கார்களை ஊருக்குள் கொண்டுவந்து காட்டுவாங்க, வெள்ளிக்கிழமை ஓட்டுநர் ஊர்வலம். அதனால வியாழனாவது போய்ச் சேரணும். பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து டிஜிவி ரயிலில் ஒரு மணி நேரம், ரயில் நிலையத்திலிருந்து மைதானம் வரைக்கும் டிராம். லெ மானில் ஹோட்டல் கிடைக்கும்னு நம்பி உட்காரக் கூடாது, மூணு லட்சத்துக்கு மேல் ஜனம் வருது. கூடாரம் போட இடம் எடுக்கலாம், இல்லேன்னா ஆன்ஷேயில் தங்கி ரயில்ல வரலாம். கூடாரத்துக்குத்தான் என் ஓட்டு. சூரியன் மறைய இரவு பத்து மணி, விடிய ஆறு மணி. அந்த எட்டு மணி நேர இருட்டுக்காகத்தான் போறோம், அப்போ ரயிலைப் பிடிக்க ஓடினா என்ன பிரயோஜனம்?

நான் பொது டிக்கெட்டோட நிக்கிறேன். கிளம்புறதை டன்லப் பாலத்துக்குக் கீழே உள்ள மேட்டுச் சரிவில் நின்னு பார்த்துட்டு, ராத்திரி பஸ் பிடிச்சு அர்னாஜ் முனைக்குப் போகலாம். மொத்தப் பாதையிலும் கார் ரொம்ப மெதுவாத் திரும்புற இடம் அது. இருட்டில் பிரேக் டிஸ்க் சிவப்பாத் தகதகக்கிறதை அங்கே பக்கத்தில் பார்க்க முடியும். ஸ்டாண்டுதான் வேணும்னு சொன்ன நண்பர் தனியா அதுக்கு டிக்கெட் எடுத்துக்கட்டும், இதில் சண்டை இல்லை. விசா விண்ணப்பம் பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடிதான் போட முடியும், 30,000 யூரோவுக்கான காப்பீடும் காட்டணும். கோடை விடுமுறைக் கூட்டத்துக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் கிடைக்கணும்னா டிசம்பர்லயே உட்காரணும். அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கு.