பட்டாவில் இல்லாத பெயர்

1956 ஜூனில் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. சட்டம் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு உண்டு என்றது. சுரங்கத்துக்கோ அந்த நிலம் தேவைப்பட்டது.

பெண்களின் சொத்துரிமைக்காகப் போராடிய அண்ணல் அம்பேத்கர், இந்து சட்ட மசோதா முடக்கப்பட்டதால் 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். பிறகு வந்தது அரைகுறைச் சட்டம். பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை மகன்களுக்கு மட்டுமே. தமிழ்நாடு 1989-இல் மகள்களையும் சேர்த்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கியது. அந்த விலக்கு நீங்க 2005 ஆனது.

அதற்குள் நெய்வேலியைச் சுற்றி எத்தனை வயல்கள் சுரங்கமாகிவிட்டன! இழப்பீடு பதிவேட்டில் உள்ள பெயரைத் தேடித்தான் வரும். பட்டாவில் தாத்தா, அப்பா, அண்ணன் பெயர்கள் இருக்கும். நாற்று நட்டவள் பெயர் இருக்காது. சேரியில் நிலமே இல்லாத கூலிப் பெண்ணுக்கு, பறிபோன வேலைக்காக 1894-ஆம் ஆண்டு கையகப்படுத்தல் சட்டத்தில் இடமே இல்லை. விவசாயத் தொழிலாளர்களைப் பாதிக்கப்பட்ட குடும்பமாகவும், கைம்பெண்களைத் தனிக் குடும்பமாகவும் மத்தியச் சட்டம் ஏற்றது 2013-இல்தான்.

தோழர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவோடு உட்காருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? தாத்தா இறந்தபின் வாரிசுச் சான்றிதழ் வாங்கினார்களா? அதில் அம்மா, அத்தை பெயர் உண்டா? யாராவது ‘விடுதலைப் பத்திரம்’ நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பத்திரத்தில் கைவிட்டுப் போவது அவள் பங்கு.