ஸ்ரீரங்கப்பட்டணத்துத் துபுவா அடிகளார்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், சிதறிய கத்தோலிக்கக் குடும்பங்களை ஒன்றுசேர்க்க ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தவர் துபுவா அடிகளார். 1792இல் பிரான்சிலிருந்து புதுச்சேரி வந்து, தமிழ் கற்று, நம்மவர் உடையையே தம் உடையாகக் கொண்டவர்.

மைசூர் நாட்டில் அம்மை குத்தும் முறையைப் பரப்பினார். 1803-04இல் 25,432 பேர் அம்மை குத்தப்பெற்றனர் என்பது பதிவு. நம் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் அளித்த நூலைக் கம்பெனி அரசு விலைக்கு வாங்க, 1816இல் அது லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி முன்னவரான கேர்து பாதிரியாரின் எழுத்தே எனப் பிற்கால ஆய்வாளர் காட்டினர்.

1823இல் தாயகம் திரும்பிய அடிகளார், தம் மறைப்பணி பயன்தரவில்லை என்றே எழுதினார், 1848இல் மறைந்தார்.

நூலின் பெருமை பிறருக்கும் உரியதாகலாம். மறைப்பணியை அவரே தோல்வி எனலாம். எனினும், அம்மைக்குத் தப்பிய குழந்தைகளை எண்ணுங்கால், அவரை நன்றியுடன் நினைப்பது நம் கடனாகும்.