ஒரு பிளே பட்டன் வந்த வழி

2008-ல் ஆண்ட்ராய்டின் முதல் பதிப்பிலேயே வீடியோ ஓட்டுவதற்கு வீடியோவியூ இருந்தது. அதோடு சேர்ந்து மீடியாகன்ட்ரோலர் என்றொரு பட்டை. திரையைத் தொட்டால் எழும். சும்மா விட்டால் மூன்று வினாடியில் மறையும். அந்தப் பட்டையில்தான் நம் பிளே பட்டன் பிறந்தது. அதன் உருவத்தையோ இடத்தையோ மாற்ற நினைத்தவர்கள் பெரும்பாடு பட்டார்கள்.

2014-ல் கூகுள் எக்ஸோபிளேயரைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆண்ட்ராய்டுக்குள் புதைந்திராமல் ஆப்போடு சேர்ந்தே வந்ததால், ஃபோன் பழையதானாலும் பிளேயர் புதிதாகவே இருந்தது. பட்டனும் பின்னர் அதன் திரைப்பகுதியான பிளேயர்வியூவுக்குக் குடிபெயர்ந்தது.

2021 ஜூலையில், ஆண்ட்ராய்டு திரைகளை எழுதுவதற்கான ஜெட்பேக் கம்போஸ் 1.0 வந்தது. பட்டனை இப்போது மாற்று, அப்போது மாற்று என்று ஏவும் வேலை அதில் இல்லை. நிலை இன்னது, அதற்குரிய திரை இன்னது என்று எழுதிவிட்டால், நிலை மாறும்போது திரை தானே மாறும். ஆனால் வீடியோவுக்கு அங்கே சொந்த வீடு கிடைக்கவில்லை. பழைய பிளேயர்வியூவை ஆண்ட்ராய்டுவியூ என்ற உறையில் போட்டு உள்ளே வைத்து, மேலே பட்டன்களை ஆப் எழுதுபவர்கள் தாங்களே வரைந்துகொண்டார்கள்.

அப்படி வரைந்த பலர் பட்டனை, வீடியோ இந்த நொடி ஓடுகிறதா என்று சொல்லும் ‘இஸ்பிளேயிங்’கோடு கட்டினார்கள். நெட் மந்தமாகி வீடியோ பஃபராகும்போது அதன் மதிப்பு பொய்யாகிவிடும். பார்ப்பவர் நிறுத்தாமலே பட்டன் பிளே படத்துக்குத் தாவும். அவர் அதை அழுத்தினால் என்ன ஆவது? பட்டன் காட்ட வேண்டியது பார்ப்பவரின் விருப்பத்தை. அதைச் சொல்வது ‘பிளேவென்ரெடி’. அது மட்டும் போதாது: வீடியோ முடிந்துவிட்டால் பிளே படம் தெரிய வேண்டும், அழுத்தினால் தொடக்கத்துக்குப் போய் ஓட வேண்டும்.

எக்ஸோபிளேயர் இப்போது குடியிருக்கும் மீடியா3 தொகுப்பின் 1.6 பதிப்பு, 2025 மார்ச்சில் வந்தபோது, இந்த விதிகளைப் பட்டனுக்கான ஒரு நிலைப்பொருளில் அடக்கிக் கொடுத்தது. பிளேயைக் காட்டவா, அழுத்த விடலாமா, அழுத்தினால் என்ன செய்வது என்பதை அது சொல்லும். நிறமும் வடிவமும் நம் பொறுப்பு. வீடியோ தெரிய பிளேயர்சர்ஃபேஸும் உடன் வந்தது. கம்போஸுக்கு இத்தனை ஆண்டுகளில் கிடைத்தவற்றில் நான் பெரிதாக மதிப்பது இந்தப் பிரிவினையைத்தான்.

பட்டனுக்குப் பக்கத்தில், வீடியோவை முன்னும் பின்னும் நகர்த்த இழுக்கும் சீக்பார் இன்னும் கவனம் கேட்கிறது. வீடியோ ஓடிக்கொண்டிருக்கையில் எத்தனையாவது வினாடி என்று பிளேயர் தானாக அறிவிப்பதில்லை; அடிக்கடி கேட்டுத்தான் வாங்க வேண்டும். விரல் இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பதிலைக் குமிழுக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது விரலை விட்டுப் பின்னோக்கி ஓடும். விரல் எடுத்த பிறகு பிளேயரைப் புது இடத்துக்கு அனுப்பிவிட்டு, மறுபடி கேட்கத் தொடங்க வேண்டும்.