விளக்கேற்றாத அம்மா

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் வெளியேறியது. ஏரிக்கரையை ஒட்டி இருக்கிற எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. அடையாறு போகிற வழியில், அனகாபுத்தூரில், பெரியம்மா வீட்டுக்குள் வந்தது. அந்த வெள்ளத்தில் பெரியம்மா போய்விட்டாள்.

அதற்கப்புறம் அம்மா விளக்கேற்றவில்லை. தீட்டு என்றார் அப்பா. கட்டிக்கொடுத்த அக்காவுக்கு எங்கள் பக்கம் மூணு நாள்தான் தீட்டு, அது அப்பாவுக்கும் தெரியும். மார்கழி பிறந்தது. வாசலில் கோலம் விழுந்தது, சாமி அலமாரி மூடியே கிடந்தது. மாதாமாதம் கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலை ஏறுகிறவள், போகவில்லை. தை பிறந்த அன்று தானாக ஏற்றினாள். நடுவில் என்ன நடந்தது என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

பல வருஷம் கழித்து, ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸில், போனில் ஒரு பழைய அமெரிக்கத் தொடர் பார்த்தபோதுதான் அது மறுபடி உறைத்தது. ‘ஆல் இன் தி ஃபேமிலி’. 1971-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய குடும்பக் காமெடி. தயாரித்தவர் நார்மன் லியர். அப்பா ஆர்ச்சி, வாய் நிறைய கடவுள் பேசுவார், சர்ச் பக்கம் அதிகம் போகமாட்டார். மருமகன் மைக் நாத்திகர். இரண்டு பேரும் வாரம் தவறாமல் சண்டை போடுவார்கள், நாம் சிரிப்போம். நிஜமாக நம்புகிறவள் ஒருத்திதான்: அம்மா ஈடித்.

1977 டிசம்பரில் வந்த இரண்டு பாகக் கதையில், பெண் வேடமிட்டு மேடையேறும் பெவர்லி என்ற கலைஞர், ஈடித்தின் நண்பர், வழிப்பறிக் கும்பலிடமிருந்து மைக்கைக் காப்பாற்றப் போய் அடித்துக் கொல்லப்படுகிறார். கிறிஸ்துமஸ் நேரம். ஈடித் சர்ச்சுக்குப் போக மறுத்துவிடுகிறாள். வாதம் ஒன்றும் வைப்பதில்லை. ஒரு நல்ல மனுஷன் ஏன் சாகணும் என்பது மட்டும்தான் அவளுக்குப் புரியவில்லை. ஆறு வருஷமாக மைக் பேசிய நாத்திகம் அந்த வீட்டில் ஒரு கரண்டியைக்கூட நகர்த்தியதில்லை. இவள் சும்மா இருந்தாள், வீடே நின்றுபோனது.

நம்ம பக்கம் இப்படி ஒரு அம்மா உண்டா என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

சந்தேகம் நமக்குப் புதுசில்லை. என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் பல படங்களில் தனி டிராக்காக ஒரு புருஷன் பெண்டாட்டிக் காமெடியே நடத்தினார்கள். 1949-இல் அண்ணா வசனம் எழுதிய ‘நல்லதம்பி’யில் வருகிற கிந்தனார் காலட்சேபம், நந்தனார் கதையைத் திருப்பிப்போட்டது: சிதம்பரத்துக்குப் பதில் பட்டணம், தரிசனத்துக்குப் பதில் படிப்பு. அதே வருஷம் ‘வேலைக்காரி’யில் அப்பாவைப் பறிகொடுத்த ஆனந்தன் காளி கோயிலுக்குள் போய் அம்மனிடமே ஆத்திரத்தைக் கொட்டுகிறான். துக்கத்தில் பிறந்த சந்தேகம்தான் அதுவும். ஆனால் மகனுக்கு. 1952-இல் ‘பராசக்தி’யில் கோயிலுக்குள் அநியாயத்தை எதிர்கொள்பவள் கல்யாணி, பூசாரியை வெட்டுவதும் கோர்ட்டில் பேசுவதும் அண்ணன் குணசேகரன். பட்டது அவள், கேட்டது அவன்.

குடும்பக் காமெடி தனி வகையாகக் கெட்டிப்பட்ட காலத்தில் அந்தக் கேள்வியும் போயிற்று. விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) அம்மையப்ப முதலியார் வீட்டுக்கு ஒரு கிறிஸ்தவ சம்பந்தியைக் கொண்டுவருகிறது. இரண்டு சாமி இருக்கிற கதை. ஆனாலும் வீட்டுக்கு நடுவில் கோடு கிழிக்கப்படுவது சம்பளக் காசால். எனக்கு மிகவும் பிடித்த படம்தான், அதனால் சொல்கிறேன்: அந்த வீட்டில் கடவுளைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமே இல்லை.

2020 தீபாவளிக்கு வந்த ‘மூக்குத்தி அம்மன்’ இன்னும் சாமர்த்தியம். நாகர்கோவில் குடும்பம், குலதெய்வமே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு போலிச் சாமியாரைச் சாடுகிறது. பகுத்தறிவு பேச வேண்டிய வசனத்தை அம்மன் பேசிவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை பாருங்கள். ஊர்வசி நடித்த அந்த அம்மா, புருஷன் விட்டுவிட்டுப் போய், பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்தவள். சந்தேகப்பட அவளைவிட யாருக்கு உரிமை? அவளுக்குத் திருப்பதி போகும் ஆசையைத்தான் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் புருஷனைப் பறிகொடுத்து மதுரைத் தெருவில் நின்றுகொண்டு, இந்த ஊரில் தெய்வம் இருக்கிறதா என்று ஒரு பெண் கேட்டதைச் சிலப்பதிகாரம் அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறது. அவளையே பிறகு தெய்வமாக்கிவிட்டோம். ஒருவேளை அதனால்தான் வீட்டு அம்மாக்களிடம் அந்தக் கேள்வி வரவில்லையோ என்னவோ.

ஈடித் கதையில் அவளைத் தேற்றி, கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜைக்கு அழைத்து வருவது அந்த நாத்திக மருமகன்தான். அவளும் எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்வதில்லை. வந்து உட்கார்கிறாள், அவ்வளவுதான்.

போன மாசம் அந்த எபிசோடை அம்மாவுக்குப் போட்டு, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை பார்த்தாள்.

“மருமகன்தான் போய்ப் பேசினானா? வீட்டுக்காரர் ஒண்ணும் கேக்கலையா?”

“அவர் கத்துவார்மா. அவருக்கு அதான் தெரியும்.”

கூடத்தில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.