மூன்றாண்டுக் கெடு

கி.பி. 1492 என்றதும் நம் நெஞ்சில் நிழலாடுவது ஜனவரி 2ஆம் நாள். கர்னாத்தாவின் (கிரனாடா) கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ் நகரைக் காஸ்தீலிய அரசர்களிடம் ஒப்படைத்த நாள் அது. அதே ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் ஸலமன்கா நகரில் ஓர் இலக்கண நூல் அச்சாகி வெளிவந்ததை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. அந்தலூஸ் முஸ்லிம்களின் பிற்காலத் தலைவிதியில் அந்நூலுக்கும் பங்குண்டு.

நூலின் ஆசிரியர் அந்தோனியோ தெ நெப்ரிஹா. காஸ்தீலிய மொழிக்கு, அதாவது இன்று ஸ்பானியம் எனப்படும் மொழிக்கு, அச்சில் வந்த முதல் இலக்கணம் அதுவே. ஐந்து பாகங்கள் கொண்ட அந்நூலின் ஐந்தாம் பாகம் வேற்றுமொழியாளர் காஸ்தீலியம் கற்பதற்கென்றே எழுதப்பட்டது. எழுத்து, பெயர்ச்சொல், வினைத்திரிபு எனப் படிப்படியாகச் செல்லும் அமைப்பு நம் மத்ரஸாக்களின் தொடக்க ஸர்ஃப் பாடங்களை நினைவூட்டும். இதனால் என்ன பயன் என்று அரசி இஸபெல்லா வினவியதாகவும், அருகிலிருந்த ஆவிலா ஆயர் முந்திக்கொண்டு விடையளித்ததாகவும் நெப்ரிஹா தம் முன்னுரையில் கூறுகிறார். வெல்லப்படும் மக்கள் வென்றவரின் சட்டங்களை ஏற்றாக வேண்டும், சட்டத்தோடு மொழியையும் ஏற்றாக வேண்டும், அதற்கு இந்நூல் உதவும் என்பதே அவ்விடையின் சாரம்.

அவ்வாறு விடையளித்த எர்னாந்தோ தெ தலவேரா பின்னர் கர்னாத்தாவின் முதல் பேராயரானார். ஆனால் அங்கே அவர் செய்தது வேறு. மக்களைக் காஸ்தீலியம் கற்கச் சொல்லுமுன் தம் பாதிரிமார்களை அரபு கற்கச் சொன்னார். முதுமையில் தாமும் சிறிது கற்க முயன்றார். இச்சூழலில்தான் பெத்ரோ தெ அல்கலா என்னும் துறவி 1505இல் அரபு இலக்கணமொன்றையும் சொற்பட்டியலொன்றையும் கர்னாத்தாவில் அச்சிட்டார். கற்றோர் அரபை விடுத்து, மக்கள் நாவில் வழங்கிய அரபையே லத்தீன் எழுத்தில் பதிவு செய்தமையால் இன்று அது நமக்கும் ஒரு கருவூலம். அந்தலூஸியர் 'பாப்' என்பதை 'பீப்' என்று இமாலா செய்து ஒலித்தனர். கர்னாத்தாவின் 'பாபுர் ரம்லா' சதுக்கம் இன்றும் 'பீப்ரம்ப்லா'தான். பாதிரியார் அரபு கற்றதன் நோக்கம் மதமாற்றமே என்பதில் ஐயமில்லை. எனினும், கற்கும் சுமையை வென்றவன் தன் தோளில் ஏற்றிக்கொண்ட காலம் அது.

அக்காலம் நீடிக்கவில்லை. கார்டினல் ஸிஸ்னெரோஸ் 1499இல் வந்து சேர்ந்தபின் கட்டாய ஞானஸ்நானமும் நூலெரிப்பும் தொடர்ந்தன. 1526இல் அரபுக்குத் தடை விதிக்கப்பட்டு, பெருந்தொகை பெற்றுக்கொண்டு அது நிறுத்தி வைக்கப்பட்டது. 1567 ஜனவரி முதல் நாள், இரண்டாம் பிலிப்பின் ஆணை முழங்கியது: மொரிஸ்கோக்கள் அனைவரும் மூன்றாண்டுகளில் காஸ்தீலியம் கற்றுக்கொள்ள வேண்டும், அதன்பின் பொதுவிடத்திலோ மறைவிலோ அரபில் பேசுவதும் படிப்பதும் எழுதுவதும் குற்றம்.

இதை எதிர்த்து பிரான்ஸிஸ்கோ நூஞெஸ் முலேய் என்னும் முதியவர் அளித்த விண்ணப்பம் பெரிதும் போற்றத்தக்கது. இளமையில் அதே தலவேராவிடம் பணியாளராய் இருந்தவர் இவர். எகிப்திலும் சிரியாவிலும் மால்டாவிலும் கிறிஸ்தவர்களே அரபு பேசுகையில் மொழியை மதத்தோடு முடிச்சிடுவதேன் என்று முதலில் கேட்கிறார். பின்னர் அவர் கூறுவது எந்த மொழியாசிரியரும் மறுக்கவியலாதது. அல்புஹாரா மலைவாசி வாய் திறந்தாலே எப்பகுதியினன் என்று தெரிந்துவிடும். சொந்த அரபையே ஊருக்கொரு விதமாய்ப் பேசுவோர் அவர்கள். அச்சிற்றூர்களில் காஸ்தீலியம் அறிந்தவர் பாதிரியாரும் கோயிற்பணியாளருமே; அவர்களும் மக்களிடம் அரபில்தான் பேசுகின்றனர். வேறு வேலையே பாராமல் பள்ளிக்கூடம் போய்வந்தாலும் முதியோர் தம் எஞ்சிய ஆயுளில்கூட அம்மொழியைக் கற்க மாட்டார், மூன்றாண்டு எம்மூலைக்கு என்பது அவர் வாதம். கேட்கும் சூழலின்றி மொழி வாராது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் அந்நூற்றாண்டில் வேறொருவர் உண்டா என்று நாம் அறியோம். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1568இன் இறுதியில் அல்புஹாராவில் கிளர்ச்சி வெடித்தது.

அரபு பேசி வளர்ந்தவருக்குக் காஸ்தீலியத்தில் எவை கடினம்? சொற்கள் ஓரளவு உதவியிருக்கும். எண்ணெய் 'அஸெய்தே' (அஸ்ஸைத்து). வாய்க்கால் 'அஸெக்கியா' (அஸ்ஸாக்கியா). நகரத் தலைவர் 'அல்கால்தே' (அல்காளி). வேண்டுதலுக்கு வழங்கும் 'ஓஹலா'வில் ஒலிப்பது 'லவ் ஷாஅல்லாஹ்'. நஹ்வு உதவியிராது. 'ஸைதுன் ஆலிமுன்', 'ஸைதுன் காஇமுன்' என்னும் இரண்டும் நமக்கு முப்ததாவும் கபருமே, வினைச்சொல் வேண்டியதில்லை. காஸ்தீலியத்திலோ முன்னதற்கு 'ஸெர்', பின்னதற்கு 'எஸ்தார்' என இரு வேறு வினைகள். இயல்பைச் சொல்வது ஒன்று, நிலையைச் சொல்வது மற்றொன்று. ஒலியோ இன்னும் கடினம். அரபில் 'ப' வல்லோசையாய் இல்லை. காஸ்தீலிய 'ஸ' அரபுச் செவிக்கு ஷீனாகவே கேட்டது. 'ஹிஸ்பாலிஸ்' என்னும் பண்டை நகரப் பெயர் 'இஷ்பீலியா' ஆனதில் இவ்விரண்டையும் காணலாம். இந்த ஷீனை வைத்தே மொரிஸ்கோக்களை அக்கால நாடக மேடைகள் நகையாடின. (ஸ்பானியரின் 'எஸ்பாஞா'வில் உள்ள ஞகரம் தமிழராகிய நமக்கு இடர் தாராது என்பது வேறு செய்தி.)

அரகோன் பகுதியில் நிலைமை தலைகீழ். அங்குள்ள முஸ்லிம்கள் நெடுங்காலத்திற்கு முன்பே அரபுப் பேச்சை இழந்து ஸ்பானியம் பேசினர். எழுத்தை மட்டும் விடவில்லை. ஸ்பானியத்தை அரபு எழுத்தில் எழுதினர். 'அஜமிய்யா' என்னும் சொல்லே திரிந்து அம்முறைக்கு 'அல்ஹமியாதோ' என்று பெயராயிற்று. நம் அரபுத் தமிழில் முன்னோர் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகள் சமைத்தனர். அவர்களோ ஷத்தைக் கொண்டே பெரும்பகுதி சமாளித்தனர்: பாவுக்கு ஷத்திட்டால் வல்லோசை 'ப', ஜீமுக்கு ஷத்திட்டால் 'ச்ச', நூனுக்கு ஷத்திட்டால் 'ஞ'. ஃபத்ஹை அடுத்து அலிஃப் வந்தால் 'எ'. முன்னர்க் கண்ட அந்தலூஸிய இமாலாவே இதற்கு அடிப்படையாதல் வேண்டும். 1884இல் ஸரகோஸா மாகாணத்து அல்மோனஸித் தெ லா ஸியெர்ரா ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, போலித் தளத்தின் அடியில் இத்தகைய ஏடுகள் குவியலாய்க் கிடைத்தன. பிறர் கண்ணுக்கு எழுத்தே குற்றச்சான்றாக இருந்த காலத்தில் மறைத்து வைக்கப்பட்டவை அவை.

1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் மொரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டனர். ஸ்பானியம் அறிந்தவர், அறியாதவர் என்று ஆணை பாகுபடுத்தவில்லை. துனீஸியாவில் குடியேறியவர்களுள் பலருக்கு ஸ்பானியமே தாய்மொழி. ஆகவே அவர்களுக்கு மார்க்கம் உரைக்க ஸ்பானிய மொழியிலேயே நூல்கள் எழுத வேண்டியிருந்தது. தஸ்தூர் நகரில் இப்ராஹீம் தைபிலி 1628இல் கிறிஸ்தவக் கொள்கைகளை மறுத்து இயற்றிய நூல் ஸ்பானியச் செய்யுளால் ஆனது. அதைப் படித்தவர்கள் தம் நடுவயதில், இம்முறை அரபு பேசக் கற்கத் தொடங்கியிருந்தனர்.