யாரைக் கேட்டு?

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று உண்டு. அதன் எந்த முனையில் நின்று எட்டிப் பார்த்தாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் லேக் ஏரியாவும் இருக்கின்றன. சேத்துப்பட்டில் ஸ்பர்டேங்க் ரோடு, முகப்பேரில் ஏரித் திட்டம். சென்னையின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் போதும், காணாமல்போன நீர்நிலைகளின் கணக்கு ஓரளவு கைக்கு வந்துவிடும்.

நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதில் படகுப் போட்டிகூட நடத்தினார்கள். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. இடநெருக்கடியில் திணறிய ஊருக்கு மனை வேண்டியிருந்தது. ஏரியை வற்றவைத்தால் மனை கிடைக்கும். 1923 வாக்கில் வேலை தொடங்கியது. பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தியாகராய நகர் எழுந்தது. அழகான நகர்தான், சந்தேகமில்லை. ஆனால் அதை வரைந்தவர்களின் கண்ணுக்கு ஏரி என்பது சும்மா கிடக்கும் நிலம். மழைநீர் இனி எங்கே போய்த் தங்கும் என்ற கேள்விக்கு 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்களே பதில் சொல்லின.

‘யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள்?’ என்று கோபம் வரும்போது நம்மூரில் கேட்போம். சென்னையின் நூறாண்டுத் திட்டமிடலை அந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே படித்துவிடலாம்.

இந்த இடத்தில் உத்திரமேரூரைக் கொண்டுவருவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்தில், 920-ஐ ஒட்டி வெட்டிய கல்வெட்டுகள், குடவோலை, ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே கல்வெட்டு, வாரியத்துக்குப் பெயர் எழுதத் தகுதி என்ன என்றும் சொல்கிறது: வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை, நிலமற்றவருக்கும் இல்லை. பின்னாளில் ஊர்க்கண்மாய்களில் மடை திறந்து மூடி, வயல் வயலாக நீர் பங்கிட்ட நீர்கட்டிகளில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பாய்ச்சிய வயல் பெரும்பாலும் அவர்களுடையதல்ல. ஊரைக் கூட்டிப் பேசுவது நமக்குப் பழைய பழக்கம். அந்த ஊரில் யார் யார் அடக்கம் என்பதுதான் அன்றும் சிக்கல், இன்றும் சிக்கல்.

சென்னை மாநகராட்சி 1688-இல் தோன்றியது. இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி என்று சொல்லிச் சொல்லி நமக்கு அலுத்துவிட்டது. அதிகம் சொல்லப்படாத கணக்கு வேறு. 1973 டிசம்பரில் மஸ்டர் ரோல் (கூலிப் பதிவேடு) ஊழலைக் காரணம் காட்டி மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். பிறகு 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. புது உறுப்பினர்கள் வந்தது 2022 மார்ச்சில். இரண்டையும் கூட்டினால், இடைப்பட்ட 48 ஆண்டுகளில் 28 ஆண்டுகள் நகரத்துக்குக் கவுன்சிலரே இல்லை. ‘எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது’ என்று சொல்லப் போனால், கதவைத் தட்ட ஒரு வீடு கிடையாது. அதிகாரிகள் மட்டும் இருந்தார்கள்.

அந்த முதல் 23 ஆண்டுகள் சும்மா கழியவில்லை. நகரத்தின் முதல் முழுமைத் திட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. வள்ளுவர் கோட்டம் பழைய ஏரிப்படுகையில் எழுந்தது. பறக்கும் ரயிலுக்கு வழி தேடியவர்கள், நிலம் கையகப்படுத்தும் தலைவலி இல்லாத இடமாகப் பக்கிங்காம் கால்வாயைக் கண்டுபிடித்தார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள் மண் சுமந்து நீட்டிய கால்வாய் அது. அதன் நடுவிலேயே தூண்களை இறக்கினார்கள். முதல் கட்டப் பாதை 1995-இல் ஓடத் தொடங்கியது. கால்வாய் ஒடுங்கியது, மழைக்காலத்தில் கரையோரக் குடிசைகளுக்குள் நீர் புகுவது ஆண்டுதோறும் நடக்கும் சங்கதி ஆயிற்று.

குடிசைகளின் கதைக்குத் தனி வரலாறு இருக்கிறது. 1970-இல் குடிசை மாற்று வாரியம், 1971-இல் அதற்கான சட்டம். தொடக்கத்தில் வாரியம் செய்த நல்ல காரியம், குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது பக்கத்திலேயே, அடுக்குமாடி கட்டியது. 1977-க்குப் பின் உலக வங்கிக் கடனில் வந்த திட்டங்களில் பல இடங்களில் இருந்த மனையையே சீர்படுத்திக் கொடுத்தார்கள். சட்டம் இன்னொன்றும் செய்தது: குடிசைப் பகுதி என்று அரசு ஓர் இடத்தை அறிவித்துவிட்டால் அங்கிருப்பவர்களுக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. அப்படி 1971-இல் சென்னையில் அறிவிக்கப்பட்டவை 1,202 பகுதிகள். 1985-இல் மேலும் 17. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஊர் பெருத்துக்கொண்டே போனது. பட்டியல் மட்டும் நின்றுவிட்டது. பட்டியலில் இல்லாதவர் ‘ஆக்கிரமிப்பாளர்’. ஆக்கிரமிப்பாளரிடம் யார் கருத்துக் கேட்பார்கள்?

பள்ளிக்கரணைக் கழுவேலியின் இரண்டு பக்கங்களையும் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு காலத்தில் தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரை வாங்கிக் கடலுக்கு அனுப்பிய சதுப்பு அது. குப்பைமேடு, சாலை, மென்பொருள் வளாகங்கள் என்று நாலாபக்கமும் கடித்துத் தின்றதில் சுருங்கிப்போனது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சுற்றுவட்டாரக் குடியிருப்போர் சங்கங்கள் விழித்துக்கொண்டன. மனு, வழக்கு, பறவைக் கணக்கெடுப்பு, பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவந்து காட்டுவது என்று விடாமல் நின்றார்கள். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. குடிமக்கள் பேசி ஒரு நீர்நிலை பிழைத்ததற்குச் சென்னையில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அதே சதுப்பை ஒட்டி, ஒக்கியம் துரைப்பாக்கத்தில், 2000-இல் கண்ணகி நகர் உருவானது. 15,656 வீடுகள். அடுத்துச் செம்மஞ்சேரியில் 6,764. பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஒருபுறம் பேசத் தெரிந்தவர்கள் சதுப்பைக் காப்பாற்றினார்கள். மறுபுறம், பேச விடப்படாதவர்கள் அதன் ஓரத்திலேயே குடியமர்த்தப்பட்டார்கள். இரண்டும் ஒரே பத்தாண்டில், ஒரே அரசு இயந்திரத்தின் கையால் நடந்தவை.

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை மீறியது. வெள்ளம் வடிந்ததும் அதிகாரிகள் எடுத்த முடிவு ஆற்றோரக் குடும்பங்களை உடனே அகற்றுவது. ‘உங்கள் பாதுகாப்புக்காகத்தான்’ என்றார்கள். பள்ளி ஆண்டின் நடுவில் லாரிகள் வந்து நின்றன. சைதாப்பேட்டையில் வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்களுக்கு வேலைக்குப் போகவே இரண்டு பேருந்து மாற வேண்டியதாயிற்று. கொண்டுபோய் விட்ட இடம் மட்டும் மேடா? செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கனமழை என்றால் முழங்கால் தண்ணீர். ஆற்றை அடைத்துக்கொண்டு எழுந்த பெரிய கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கிறோம் என்ற பெயரில் நகரம் கொடுத்த முதல் பெரிய விலையை, அதற்கு மிகக் குறைவாகப் புகை சேர்த்தவர்கள் செலுத்தினார்கள்.

இத்தனைக்கும் கேட்டிருந்தால் சொல்வதற்கு, இப்படிக் கேட்கப்படாத மக்களிடம் சரக்கு இருந்தது. எண்ணூர்க் கழிமுகம் இதற்குச் சாட்சி. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் அந்த அளங்களும் ஓடைகளும் வடசென்னையின் வெள்ள வடிகால். அனல்மின் நிலையச் சாம்பலும் துறைமுக மண்ணும் கொட்டிக் கொட்டி அது மேடாகிக்கொண்டு வந்தது. அங்கிருந்த மீனவர்கள் எந்த ஓடை எந்த வருஷம் தூர்ந்தது, எங்கே படகு தரைதட்டுகிறது, இறால் எங்கே வருவதில்லை என்று இடம் காட்டிச் சொன்னார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி 1996-இல் அங்கீகரிக்கப்பட்ட கடற்கரை மேலாண்மை வரைபடத்தைக் கையில் வாங்கினார்கள். அதில் கழிமுகம் முழுசாக இருந்தது. பின்னால் வந்த ஒரு வரைபடத்தில் அதே நீர்ப்பரப்பில் பெரும்பகுதி காணோம்! 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்கச் சொன்னது. அந்த வழக்குக்கு முதுகெலும்பு வலை வீசியவர்களின் நினைவும் அவர்கள் தேடியெடுத்த வரைபடமும்தான்.

இந்தப் பின்னணியில்தான் மாநகராட்சியின் காலநிலைச் செயல்திட்ட வரைவு 2022 செப்டம்பரில் வெளிவந்தது. மின்சாரம், கட்டடங்கள், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் குடிநீர்த் தட்டுப்பாடும், எளிதில் பாதிக்கப்படும் மக்கள் என்று ஆறு துறைகள். 2050-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்ற இலக்கு. நலிந்தவர்களுக்கென்று ஒரு துறையையே ஒதுக்கியது நல்ல விஷயம். ஆனால் கருத்துச் சொல்லச் சொல்லி வந்த அந்த ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தது, கொடுத்த நாட்களும் சொற்பம். நொச்சிக்குப்பத்து மீனவரும் வியாசர்பாடித் தூய்மைப் பணியாளரும் இணையதளத்தில் ஆங்கில அறிக்கையைப் பதிவிறக்கிப் படித்து, மின்னஞ்சலில் ஆட்சேபம் அனுப்புவார்கள் என்று யார் நினைத்தார்களோ! 2020-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவிலும் இதே மொழிச் சண்டைதான். அப்போது டெல்லி உயர் நீதிமன்றம் அட்டவணை மொழிகளில் எல்லாம் பெயர்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. சென்னையில் சூழலியல் அமைப்புகள் சத்தம் போட்ட பிறகு தமிழ் வடிவம் வந்தது, அவகாசமும் நீண்டது. இறுதித் திட்டம் 2023 ஜூனில் வெளியானது.

வரைவு வந்த அதே 2022-இல், நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி நாளன்று, நகர்ப்புறங்களில் ஏரியா சபைகள் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வரே வந்து உட்கார்ந்தார். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1992-இல் வார்டு குழுக்களைப் பற்றிப் பேசியது; தெருவாசி நாற்காலி போட்டு உட்கார 30 ஆண்டு பிடித்திருக்கிறது. காலநிலைத் திட்டத்தைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான மேடை கிடையாது. எந்தச் சந்தில் நீர் நிற்கிறது, எந்த வீட்டில் மே மாதம் கிழவி மயங்கி விழுகிறாள், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதில்லை என்பது செயற்கைக்கோள் படத்தில் தெரியாது.

கடைசியாக ஓர் எல்லைக்கோடு. மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். காலநிலைத் திட்டம் அந்த எல்லைக்கு உட்பட்டது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011 விரிவாக்கத்தில் உள்ளே வந்துவிட்டன. பெரும்பாக்கம் வரவில்லை. திட்டம் வெளியானபோது அது செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு கிராம ஊராட்சி. வெள்ளத்தைக் காரணம் காட்டிச் சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள், சென்னையின் காலநிலைத் திட்டத்துக்கு வெளியே இருந்தன. அவர்களுக்குப் பொருந்தியது ஊராட்சிச் சட்டம். அதன்படி அவர்களுக்குக் கிராம சபையில் உட்கார உரிமை உண்டு. 2022 முதல் கிராம சபை கூட வேண்டிய நாட்களில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-உம் ஒன்று.